நம்ம வீட்டு மாரியோ ஏன் மெதுவா ஓடினான்?

வழக்கம்போல வடபழனியிலருந்துதான் பேசுறேன். நடுவுல ஆற்காடு ரோடு ஹாரன் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க, எடிட்டிங்ல முடிஞ்ச வரைக்கும் எடுத்துட்டேன்.

கொஞ்ச நாளா உங்ககிட்டருந்து திரும்பத் திரும்ப ஒரு கேள்வி வருது. பழைய வீடியோ கேமை எமுலேட்டர்ல ஆடுறதா, இல்ல ஒரிஜினல் கன்சோலைத் தேடி வாங்கி ஆடுறதா? எது "உண்மையான" அனுபவம்? வெளிநாட்டு யூட்யூப் சேனல்கள்ல இதுக்கு நூறு பதில் இருக்கு. ஆனா அந்தப் பதில் எல்லாம் அவங்க வீட்டு டிவிக்கும் அவங்க வீட்டுப் பெட்டிக்கும் சொன்னது. நம்ம வீட்டுல இருந்தது வேற. அதனால இன்னைக்கு இதை நம்ம ஊர்க் கணக்குல போட்டுப் பாக்கப்போறோம்.

எமுலேட்டர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. பழைய கன்சோலோட சிப்புங்க என்னென்ன வேலை செய்யுமோ, அதையெல்லாம் உங்க லேப்டாப்லயோ போன்லயோ அப்படியே செய்து காட்டுற சாஃப்ட்வேர். கேம் அதே கேம்தான். அதை ஓட்டுற மெஷின் மட்டும் நடிப்பு.

முதல்ல, ஒரிஜினல்னா எது?

நின்டெண்டோ 1983 ஜூலையில ஜப்பான்ல ஃபேமிகாம்னு ஒரு கன்சோலை வெளியிட்டாங்க. அதையே கொஞ்சம் மாத்தி அமெரிக்காவுல என்இஎஸ்னு வித்தாங்க. மாரியோ, கான்ட்ரா, டக் ஹன்ட் எல்லாம் நமக்குத் தெரிய வந்தது அந்தக் குடும்பத்துலருந்துதான்.

ஆனா கையைத் தூக்குங்க, உங்கள்ல எத்தனை பேர் வீட்டுல நின்டெண்டோன்னு எழுதின பெட்டி இருந்துச்சு? நம்மகிட்ட இருந்தது "டிவி கேம்". மேல மீடியான்னோ, லிட்டில் மாஸ்டர்னோ, இல்ல ஒரு பேரும் இல்லாமலோ இருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்ல, பர்மா பஜார்ல, பொருட்காட்சிக் கடையில வாங்கினது. கூட ரெண்டு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி, "9999999 இன் 1"னு எழுதின மஞ்சள் கேசட். அந்த ஒரு கோடி கேமைப் பட்டியல்ல கீழ இறக்கிப் பாத்தா, உள்ள இருக்குறது நாலோ அஞ்சோ கேம்தான். அதே கேமே வேற வேற லெவல்ல ஆரம்பிக்கும், பேரு மட்டும் மாறும்.

அந்தப் பெட்டி ஃபேமிகாமோட நகல். தைவான்ல யூஎம்சின்னு ஒரு சிப் கம்பெனி, ஃபேமிகாமோட ரெண்டு முக்கியமான சிப்பையும் தானே செய்தாங்க. அந்த மாதிரி சிப்பை வச்சு உலகம் முழுக்கப் பெட்டி செய்து வித்தாங்க. ரஷ்யாவுல 1992ல அது டென்டிங்கிற பேர்ல வந்து, அங்க ஒரு தலைமுறைக்கே வீடியோ கேம்னா டென்டின்னு ஆயிடுச்சு. பிற்காலத்துல வந்த பெட்டியைப் பிரிச்சுப் பாத்தீங்கன்னா சிப்பே தெரியாது. போர்டு நடுவுல தார் ஊத்தின மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. முழு கன்சோலும் அந்தப் பொட்டுக்குள்ள.

ஆக, நாம "ஒரிஜினல்"னு ஏங்குற பொருளே நகல். வெளிநாட்டுல இந்த விவாதம் அசலுக்கும் நகலுக்கும் நடுவுல நடக்குது. நம்ம ஊர்ல அது ரெண்டு நகலுக்கு நடுவுல நடக்குது. ஒண்ணு சிலிக்கான்ல செய்த நகல், இன்னொண்ணு சாஃப்ட்வேர்ல செய்த நகல்.

50ம் 60ம்

இப்ப தலைப்புக்கு வரேன். இந்த எபிசோடுல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துட்டுப் போறீங்கன்னா இதை எடுத்துட்டுப் போங்க.

ஜப்பான், அமெரிக்கா டிவி எல்லாம் என்டிஎஸ்சி முறை. ஒரு செகண்டுக்குச் சுமார் 60 தடவை திரையைப் புதுப்பிக்கும். இந்தியாவுல டிவி பால் முறை, செகண்டுக்கு 50 தடவை. அந்தக் காலத்துக் கேம் எல்லாம் கடிகாரத்தைப் பாத்து ஓடாது, திரை புதுப்பிக்கிறதை எண்ணித்தான் ஓடும். ஒவ்வொரு தடவை திரை மாறும்போதும் மாரியோவை இத்தனை புள்ளி நகர்த்து, ஆமையை இத்தனை புள்ளி நகர்த்துன்னு கணக்கு. அப்ப செகண்டுக்கு 60 தடவை மாறவேண்டிய இடத்துல 50 தடவைதான் மாறுதுன்னா? மாரியோ ஆறுல ஒரு பங்கு மெதுவாயிடுவான்.

கணக்குப் போட்டே பாக்கலாம். முதல் மாரியோவுல மேல "டைம்"னு 400லருந்து குறையும் இல்லையா, அது செகண்டு கிடையாது. 24 ஃபிரேமுக்கு ஒரு தடவை ஒண்ணு குறையும். 400 முழுசும் தீர 9600 ஃபிரேம் ஆகும். 60ல ஓடினா 160 செகண்டு, அதாவது 2 நிமிஷம் 40 செகண்டு. 50ல ஓடினா 192 செகண்டு, 3 நிமிஷம் 12 செகண்டு. ஒரே கேம், ஒரே கேசட், அரை நிமிஷத்துக்கு மேல வித்தியாசம்.

நின்டெண்டோ ஐரோப்பாவுல மாரியோவை வித்தப்ப, அந்த ஊர் டிவிக்கு ஏத்த மாதிரி வேகத்தைத் திருத்தி வித்தாங்க. நமக்கு வந்த கேசட்டுல யார் அதெல்லாம் செய்யப் போறா? ஜப்பான், அமெரிக்க வெர்ஷனை அப்படியே சிப்புல ஏத்தி விட்டாச்சு.

இன்னும் ஒரு படி உள்ள போகலாம். ஐரோப்பாவுக்கு வந்த நின்டெண்டோ கன்சோல்ல பிராசசர் வேகமும் குறைவு, சுமார் 1.66 மெகாஹெர்ட்ஸ். ஜப்பான் மெஷின்ல 1.79. அதனால ஜப்பான் கேமை ஐரோப்பா மெஷின்ல போட்டா இசையோட சுருதியே இறங்கிடும், சில கேம்ல திரை உடையும். பால் டிவிக்காக யூஎம்சி செய்த சிப்புல வேற வழி பிடிச்சாங்க. பிராசசர் வேகத்தைச் சுமார் 1.77லயே வச்சுட்டு, ஒவ்வொரு ஃபிரேம் முடியும்போதும் சும்மா காத்திருக்குற நேரத்தை மட்டும் நீட்டிட்டாங்க. அதனால திரை 50ல ஓடும், ஜப்பான் கேமும் உடையாம ஓடும், பாட்டோட சுருதி மாறாது, தாளம் மட்டும் மெதுவாகும். ஒரு இன்ஜினியரா சொல்றேன், நகல்காரன்னு ஒதுக்கித் தள்ளக்கூடிய வேலை இல்ல அது.

இப்ப எமுலேட்டருக்கு வாங்க. சாதாரணமா ஒரு எமுலேட்டரைப் போட்டு மாரியோவைத் திறந்தா, அது 60லதான் ஓட்டும். ஜப்பான்காரங்களுக்கும் அமெரிக்காக்காரங்களுக்கும் அது துல்லியம். நமக்கு?

எங்க பெரியம்மா பொண்ணு, எனக்கு ஆறு வயசு மூத்தவங்க. சின்ன வயசுல ஜாய்ஸ்டிக் அவங்க கையில, பக்கத்துல உக்காந்து பாக்குறது என் வேலை. போன பொங்கலுக்கு லேப்டாப்ல மாரியோவைப் போட்டு அவங்க கையில கன்ட்ரோலரைக் கொடுத்தேன். முதல் பள்ளத்துலயே விழுந்தாங்க. மறுபடி விழுந்தாங்க. "டேய், ஏன்டா இவ்ளோ வேகமா ஓடுது? இது நம்ம மாரியோ இல்லடா"ன்னாங்க. வயசாயிடுச்சுக்கான்னு பக்கத்துல எல்லாரும் கிண்டல்.

நான் செட்டிங்ஸைத் திறந்தேன். மெசன்னு ஒரு எமுலேட்டர் இருக்கு, எஃப்சிஇயூஎக்ஸ்னு ஒண்ணு இருக்கு. ரெண்டுலயும் ரீஜன்னு ஒரு மெனு. என்டிஎஸ்சி, பால், அதுக்குக் கீழ மூணாவதா "டென்டி". அதைத் தட்டினேன். பாட்டோட தாளம் இறங்குச்சு. அக்கா எதுவும் பேசல. முதல் லெவல் முடிஞ்சுது, ரெண்டாவது லெவல்ல சுரங்கத்துக்கு மேல ஏறி ஓடி, அந்த ரகசியக் குழாய் இருக்குற ரூமுக்கு நேராப் போயிட்டாங்க. இருபது வருஷம் கழிச்சு விரல் தானா போகுது.

அவங்க ஞாபகம் தப்பு இல்ல. எமுலேட்டர் வேற ஊரோட குழந்தைப்பருவத்தைக் காட்டிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான்.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, சோனி 2018ல பிளேஸ்டேஷன் கிளாசிக்னு ஒரு குட்டிப் பெட்டி வெளியிட்டாங்க, 20 கேமோட. அதுல சில கேம் 50ல ஓடுற பால் வெர்ஷன். அமெரிக்காவுல ரசிகர்கள் கொந்தளிச்சுட்டாங்க, மெதுவா ஓடுது, இது அசிங்கம்னு. அவங்களுக்குக் குறையாத் தெரிஞ்ச அதே 50, நமக்கு வீட்டு வேகம்.

டிவி எங்க போச்சு?

"சரி, பழைய பெட்டியையே வாங்கிடுறேன்"னு ஒரு லிசனர் எழுதியிருந்தாங்க. வாங்குங்க. ஆனா அது பாதிதான். மீதிப் பாதி டிவி.

அந்தக் கேம் எல்லாம் படக்குழாய் டிவிக்காக வரைஞ்சது. புள்ளிக்குப் புள்ளி கொஞ்சம் கசிஞ்சு கலக்கும், வரிக்கு வரி நடுவுல மெல்லிசா ஒரு இருட்டு இருக்கும். அந்தக் கசிவை நம்பியே ஓவியர்கள் நிழல் போட்டிருப்பாங்க. அதே பெட்டியை இப்ப இருக்குற எல்இடி டிவியில மஞ்சள் பின் வழியா செருகினா படம் இழுத்து, மங்கி, பாக்கவே கஷ்டமா இருக்கும். அதுக்கு மேல தாமதம். நீங்க பட்டனை அழுத்துறதுக்கும் திரையில குதிக்கிறதுக்கும் நடுவுல டிவி தன்னோட பிராசசிங்கைப் பண்ணிட்டு இருக்கும். கான்ட்ராவுல அந்த இடைவெளி போதும், ஒரு உயிர் போக.

துப்பாக்கியோட கதி இன்னும் மோசம். டக் ஹன்ட்ல துப்பாக்கியிலருந்து எதுவும் வெளிய போறதில்ல. அது உள்ள வெளிச்சத்தை வாங்குற ஒரு கண். நீங்க சுட்ட உடனே திரை ஒரு கணம் கறுப்பாகும், அடுத்த ஃபிரேம்ல வாத்து இருக்குற இடத்துல மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். அந்த வெள்ளை சரியான நேரத்துல கண்ணுல பட்டா வாத்து காலி. எல்இடி டிவியில அந்த வெள்ளை தாமதமா வரும், வந்தாலும் படக்குழாய் வெளிச்சம் துடிக்கிற மாதிரி துடிக்காது. அசல் துப்பாக்கி, அசல் கேசட், ஆனா ஒரு வாத்தும் விழாது. அந்த நாய் மட்டும் சிரிக்கும்.

தமிழ்நாட்டுக்குன்னு இதுல ஒரு தனிக் கதை இருக்கு. 2006லருந்து அரசு இலவசக் கலர் டிவி கொடுத்துச்சு, 14 இன்ச் படக்குழாய் டிவி, ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பத்துக்கு. டிவி கேம் பெட்டி அதுவரைக்கும் டிவி இருந்த வீட்டுக்குத்தான் போச்சு. அதுக்கப்புறம் எந்த வீட்டுக்கு வேணும்னாலும் போகலாம்னு ஆச்சு. அரசியலை விட்டுடுங்க, வீடியோ கேம் கண்ணோட பாருங்க: பழைய கேமுக்குப் பொருத்தமான திரை, உலகம் எல்இடிக்கு மாற ஆரம்பிச்ச அதே வருஷங்கள்ல, ஒரு மாநிலம் முழுக்கப் புதுசா வந்து இறங்குது.

இன்னைக்கு அந்த டிவி எல்லாம் எங்க? பெரியம்மா வீட்டு டிவி காயலான் கடைக்குப் போச்சு. உங்க வீட்டுதும் பெரும்பாலும் அங்கதான் போயிருக்கும். இப்ப படக்குழாய் டிவி செய்யறது ஏறக்குறைய நின்னே போச்சு. அமெரிக்காவுல ரெட்ரோ ஆளுங்க நல்ல படக்குழாய் டிவிக்குப் பெரிய விலை கொடுக்கறாங்க. நாம எடைக்குப் போடுறோம்.

எமுலேட்டர்ல ஷேடர்னு ஒண்ணு இருக்கு. படக்குழாயோட கசிவு, வரி, வளைவு எல்லாத்தையும் கணக்குப் போட்டு வரைஞ்சு காட்டும். நல்ல திரையில பாத்தா அசந்துடுவீங்க. ரெட்ரோஆர்ச்ல ரன்-அஹெட்னு ஒரு வசதி, கேமை ஒண்ணு ரெண்டு ஃபிரேம் முன்கூட்டியே ஓட்டிப் பாத்து தாமதத்தைக் குறைக்கும். நூத்துக்கு நூறு இல்ல. ஆனா எல்இடி டிவியில செருகின அசல் பெட்டியைவிட, ஷேடர் போட்ட எமுலேட்டர் நம்ம ஞாபகத்துக்குக் கிட்ட வரும்.

அப்ப பெட்டி எதுக்கு?

பெட்டிக்கும் ஒரு மரியாதை இருக்கு. வடபழனியில ஏவிஎம் வளாகத்துல ஒரு அருங்காட்சியகம் இருக்கு, 2023ல திறந்தது. பழைய கார், பழைய கேமராவெல்லாம் வச்சிருக்காங்க. அந்தக் கேமரா பக்கத்துல நின்னா, இதைத் தூக்கிட்டா வெயில்ல ஷூட்டிங் பண்ணாங்கன்னு உடம்புக்கே புரியும். ஆனா அந்தக் கேமராவைப் பாத்துட்டா படம் பாத்த மாதிரி ஆகாது. படம் வேற எங்கேயாவது உயிரோட ஓடணும்.

கன்சோலும் அப்படித்தான். அந்த ஜாய்ஸ்டிக்கோட டர்போ பட்டன், கேசட்டை அழுத்துற அந்த இறுக்கம், இதெல்லாம் சாஃப்ட்வேர்ல வராது. கேசட்டை ஊதுறது வேண்டாம், அது வேற விஷயம். எச்சில் ஈரம் பட்டா பின் கெட்டுத்தான் போகும். வேலை செய்தது ஊதினதால இல்ல, கழட்டி மறுபடி மாட்டினதால.

ஆனா பொருள் சாகும். கெப்பாசிட்டர் வீங்கும். சேவ் பண்ற கேசட்ல இருக்குற பேட்டரி தீரும். பிளேஸ்டேஷன் 2ல லென்ஸ் களைச்சுப்போய் டிஸ்க்கே படிக்காது. இதை யாரும் தடுக்க முடியாது. தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

காளிதாஸும் அனுமனும்

இப்ப வரைக்கும் பேசினது நம்ம ஞாபகம். கடைசியா, ஞாபகத்தைவிடப் பெரிய விஷயம்.

முதல் தமிழ்ப் பேசும் படம் காளிதாஸ், 1931. நம்மள்ல யாரும் பாத்ததில்ல, பாக்கவும் முடியாது. பிரதியே இல்ல. அதுக்கு முன்னாடி நடராஜ முதலியார் சென்னையில எடுத்த கீசக வதம், அதுவும் இல்ல. படம் எடுத்தவங்களுக்கு அது நாளைக்கு வரலாறு ஆகும்னு தோணல. ஓடி முடிஞ்ச சரக்கு.

இப்ப இதே இடத்துல இந்திய வீடியோ கேமை வைங்க. 2009ல சோனி பிளேஸ்டேஷன் 2க்கு ஹனுமான்: பாய் வாரியர்னு ஒரு கேம் வெளியிட்டாங்க. ஹைதராபாத்ல இருந்த அவ்ரோனா டெக்னாலஜிஸ் செய்தது. அதே வருஷம் தேசி அட்டா, அதுல கபடி, கில்லி தாண்டா, பட்டம் எல்லாம் உண்டு. அடுத்து ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ். இதெல்லாம் இந்தியாவுல, இந்தியாவுக்காகச் செய்தது. நல்ல கேமான்னு கேட்டா, ஹனுமானை விமர்சகர்கள் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க. இருக்கட்டும். கீசக வதம் நல்ல படமான்னு யாருக்குத் தெரியும்? இருந்திருந்தா பாத்துச் சொல்லியிருக்கலாம்.

பிளேஸ்டேஷன் 2 உற்பத்தி 2013 தொடக்கத்துல நின்னுடுச்சு. டிஸ்க் கீறல் விழும், மெஷின் சாகும். ஃபைனல் ஃபேன்டஸியை மறுபடி விக்க ஒரு கம்பெனி இருக்கு. தேசி அட்டாவை யார் மறுபடி விக்கப் போறா? அமெரிக்காவுலயே நிலைமை மோசம். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க: அங்க வெளியான பழைய கேம்கள்ல 87 சதவீதம் இன்னைக்குக் கடையில கிடைக்காது. அங்கயே அப்படின்னா இந்த டிஸ்க்குகளோட கதியை யோசிங்க. இதுங்களுக்கு எமுலேட்டர்தான் கடைசி வீடு.

சட்டம் என்ன சொல்லுது?

சுருக்கமா சொல்றேன். நான் வக்கீல் இல்ல.

எமுலேட்டர்ங்கிற சாஃப்ட்வேர் தன்னளவுல திருட்டு இல்ல. சோனி 1999ல கனெக்டிக்ஸ் மேல வழக்குப் போட்டு, 2000ல அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்துல தோத்தாங்க. அதே சோனி, நான் மேல சொன்ன பிளேஸ்டேஷன் கிளாசிக்குள்ள வச்சது, தன்னார்வலர்கள் எழுதின ஒரு ஓப்பன் சோர்ஸ் எமுலேட்டர். ஆப்பிள் 2024 ஏப்ரல்லருந்து ஆப் ஸ்டோர்ல ரெட்ரோ எமுலேட்டரை அனுமதிக்கிறாங்க. ஆனா அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான், கடையில விக்கிற ஸ்விட்சோட பூட்டை உடைச்சு ஓட்டுன யூசு எமுலேட்டர்காரங்க நின்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் கொடுக்க ஒத்துக்கிட்டு கடையைச் சாத்தினாங்க.

இந்தியாவுல 1957 காப்புரிமைச் சட்டம், பிரிவு 52. ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை முறையா வச்சிருக்கிறவர், அது தொலைஞ்சோ கெட்டோ போகாம இருக்கப் பாதுகாப்புக்கு நகல் எடுக்கலாம்னு சொல்லுது. உங்க கேசட், உங்க நகல். எவனோ ஏத்தினதை நெட்டுல இறக்குறது இதுக்குள்ள வராது. ஆளாளுக்குப் பண்றாங்கங்கிறது வேற, அனுமதி இருக்குங்கிறது வேற. கான்ட்ரா மாதிரி கேமை இன்னைக்கும் காசு கொடுத்து ஸ்டீம்ல வாங்கலாம், 2019ல கொனாமியே தொகுப்பா வெளியிட்டிருக்காங்க. விக்கிறதை வாங்குங்க.

ஆக, என்ன பண்ணலாம்?

சும்மா ஆடணும்னு ஆசைன்னா எமுலேட்டர் போதும். ஒரு தடவை டென்டி மோடுல போட்டுப் பாருங்க, அக்கா, அண்ணன் யாராவது இருந்தா அவங்க கையில கொடுத்துப் பாருங்க. வீட்டுல பெட்டி இருந்தா தூக்கிப் போடாதீங்க, அடாப்டரை மட்டும் மல்டிமீட்டர் வச்சுப் பாத்துட்டு மாட்டுங்க. ஓடுற படக்குழாய் டிவி இருந்தா, கும்பிட்டுக் கேக்குறேன், எடைக்குப் போடாதீங்க. பெட்டி இல்லையா? ஆன்லைன்ல எவனோ "வின்டேஜ்"னு எழுதிச் சொல்ற விலைக்கு மயங்காதீங்க, அதுக்குள்ளயும் கறுப்புப் பொட்டுதான்.

உங்ககிட்ட இந்தியாவுல செய்த பிளேஸ்டேஷன் 2 டிஸ்க் ஏதாவது இருந்தா, கீறல் விழறதுக்கு முன்னாடி உங்களுக்குன்னு ஒரு நகல் எடுத்து வச்சுக்கோங்க. அந்த மஞ்சள் கேசட்டுகளும் அப்படித்தான். அதுல வர மெனு, அந்த மெனுவுக்குப் பின்னாடி பறக்குற பறவை, தப்பும் தவறுமா எழுதின கேம் பேரு, இதெல்லாம் ஜப்பான்ல இல்ல, அமெரிக்காவுல இல்ல. குப்பைன்னு சேகரிப்பாளர்கள் ரொம்ப நாள் ஒதுக்கினது. ஆனா நாம ஆடினது அதைத்தான்.

உங்க வீட்டுப் பரண்ல என்ன கிடைச்சுதுன்னு போட்டோ எடுத்து அனுப்புங்க. லேபிள் தெரியற மாதிரி எடுங்க, முடிஞ்சா பின்பக்க ஸ்க்ரூவைக் கழட்டி உள்ள இருக்குற போர்டையும் எடுங்க. அடுத்த எபிசோடுல அதுங்களை வச்சே பேசலாம். வரட்டுமா.